பெரிய வாய்க்காலும் நம் திண்ணையும்

புதுச்சேரிக்கு வரும் விருந்தாளிகள் நம்மிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கடற்கரை எங்கே என்பார்கள். அடுத்தது ஆசிரமம். பிறகு மணக்குள விநாயகர் கோவில். நாலாவது கேள்வியைக் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்பார்கள். குடும்பப் பத்திரிகையில் அதை எழுத வேண்டாம். ஆனால், "பெரிய வாய்க்கால் எங்கே?" என்று கேட்ட விருந்தாளி ஒருவரையாவது நாம் இதுவரை சந்தித்ததில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் வந்துவிட்டால் மூக்கே சொல்லிவிடுகிறது.

நாம் பிறந்து வளர்ந்த வீடு அந்த வாய்க்காலைப் பார்த்தபடி நிற்கிறது. 'பார்த்தபடி' என்பது மரியாதைக்காகச் சொல்வது. வாஸ்தவத்தில், அந்தப் பக்கத்து ஜன்னல்கள் மூன்றும் நமக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அடைத்தே கிடந்தன. இடுக்குகளில் பாட்டி பழந்துணியைத் திணித்து வைத்திருந்தாள். வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த பகுதியை அவள் "அக்கரை" என்றுதான் சொல்லுவாள். ஏதோ சமுத்திரம் கடந்த தேசம்போல. எட்டு வயதுப் பையன் கல்லெறிந்தால் அக்கரையில் போய் விழும். நாம் எறிந்து, உதையும் வாங்கியிருக்கிறோம்.

பாட்டி அப்படிச் சொன்னதற்குச் சரித்திரம் காரணம். புதுவையின் வீதிகள் சதுரங்கப் பலகைபோல நேர் நேராக அமைந்திருப்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தபோது அந்தத் திட்டத்துக்குக் கோடு கிழித்தார்கள் என்பர். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர் அதையே பின்பற்றினார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கிடைத்ததும், பிரெஞ்சுக்காரர் அதே கோடுகளின்மேல் மறுபடியும் வீடு கட்டினார்கள். அந்தக் கோடுகளில் எல்லாம் அழுத்தமான கோடு இந்த வாய்க்கால். வடக்கு தெற்காக ஓடுகிற இதற்குக் கிழக்கே வெள்ளை நகரம். மேற்கே கறுப்பு நகரம். பெயர் வைத்தவர்கள் ஒளிவு மறைவில்லாத மனிதர்கள்.

ஆனால் தெய்வங்கள் அந்தக் கோட்டை மதித்ததாகத் தெரியவில்லை. மணலும் குளமுமாக இருந்த இடத்தில் எழுந்தருளியதால் மணக்குள விநாயகர் என்று பெயர் பெற்ற பிள்ளையார், பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பிருந்தே கிழக்கே வெள்ளை நகரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர்களுடைய மாதா கோவிலோ, நம் ஜனங்கள் 'சம்பா கோவில்' என்று அழைக்கும் பெரிய தேவாலயம், வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் மிஷன் வீதியில் நிற்கிறது. ஆகவே இரு கரையாரும் வேறு எதற்காக இல்லாவிட்டாலும் சாமி கும்பிடுவதற்காகவாவது வாய்க்காலைத் தாண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பாட்டியும் சங்கடஹர சதுர்த்திதோறும் அக்கரைக்குப் போய்த்தான் வந்தாள். அதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் விலகியது. 1962இல் சட்டப்படியும் ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. கோடு மட்டும் நகரவில்லை. இன்றைக்கும் கிழக்கே ஓர் அறைக்கு ஓர் இரவுக்குக் கேட்கிற வாடகையில் மேற்கே ஒரு சிறு குடும்பம் மாதம் முழுதும் குடியிருக்கலாம்.

இந்த நிலையில்தான் 2017ஆம் வருஷம் புதுச்சேரி 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரிய வாய்க்காலைச் செப்பனிடும் பேச்சும் அதோடு எழுந்தது. கரை நெடுக மரம் வைத்து, விளக்குப் போட்டு, ஜனங்கள் காலையிலும் மாலையிலும் உலாவுவதற்கு ஒரு பசுமைப் பாதை அமைத்தால் என்ன என்று ஊரில் பலரும் பேசத் தொடங்கினார்கள். அந்த அகில இந்தியத் திட்டம் 2025 மார்ச்சு மாதத்தோடு முடிந்துவிட்டது, பேச்சு முடியவில்லை. கரையோரத்து வீட்டுக்காரர்களாகிய நமக்கு அதில் எவ்வளவு அக்கறை இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட பாதை ஒன்றின் வர்ணப் படத்தை நமக்குக் கொண்டுவந்து காட்டினார். மிக அழகான படம். தண்ணீர் நீல நிறமாக இருந்தது. அதில் வாத்துக்கள் மிதந்தன. கரையில் ஒரு வெள்ளைக்கார மாது குடை பிடித்துப் போனாள். அவள் இழுத்துச் சென்ற நாய்கூட வெளிநாட்டு நாய். நாம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நம் வீதியில் உள்ளவர் ஒருவரும் அதில் இல்லை. பாலத்து ஓரத்தில் முப்பது வருஷமாகப் பூ விற்கிற அம்மாளையும் காணவில்லை. படம் எழுதியவர் இந்த ஊரை ஒரு தரம் கால்நடையாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பிறகு, நாம்தான் என்ன பார்த்துவிட்டோம் என்றும் தோன்றியது. பிறந்த நாள் முதல் கரையில் இருந்தும், வாய்க்காலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நாம் நடந்து பார்த்தது கிடையாது.

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டோம். துணைக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் வந்தார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்து ஓய்வு பெற்றவர். புதுவை வழக்கில் ஒரு 'சொல்தா'. ஜூலை 14ஆம் தேதி பதக்கங்களை அணிந்துகொண்டு மற்றச் சொல்தாக்களோடு அணிவகுத்துப் போவார். மற்ற நாட்களில் கைலியும் பனியனும்.

"தம்பி, நடப்பதற்கு இந்த ஊரில் கடற்கரை இருக்கும்போது இந்தச் சாக்கடையை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்றார்.

நியாயமான கேள்வி. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளை விடுவதில்லை. தெருவை மனிதனுடைய காலுக்கு ஒப்படைத்துவிடுகிற அந்த ஏற்பாட்டை நாம் இந்தியாவில் அதிக இடங்களில் கண்டதில்லை. ஆனால் கடற்கரைக்குப் போவது புறப்பட்டுப் போகிற காரியம். சட்டை மாற்ற வேண்டும்; குழந்தைகளைக் கூட்டிப் போனால் சுண்டல் வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண்ணும், பெரிய மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு திரும்புகிற கிழவியும் கடற்கரை வழியாகப் போக முடியாது. வாய்க்காலோ நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி, லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று ஊரின் முக்கியமான வீதிகளையெல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதன் கரையில் நிழலோடு ஒரு பாதை இருந்தால் அது உலாவும் பாதையாக மட்டும் இராது. ஊருக்கே போக்குவரத்துப் பாதையாக இருக்கும்.

செஞ்சி சாலை, ஆம்பூர் சாலை முதலியவற்றை ஒட்டியே நடந்தோம். நடந்தோம் என்று எழுதுகிறோமே தவிர, பாதி தூரம் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள்களுக்கு இடையே புகுந்து புறப்பட்டோம். சொல்தா ஒவ்வொரு பாலத்திலும் நின்று கைப்பிடிச் சுவரின்மேல் சாய்ந்து கீழே பார்த்தார். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. வீதிகளின் இருபுறத்துக் கால்வாய்களிலிருந்தும் சிறு சிறு தூம்புகள் வழியாக ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

"மழையே இல்லை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்றோம்.

"உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து" என்றார் சொல்தா, திரும்பிப் பாராமல்.

நாம் அதற்குப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகப் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தோம். சமையலறைத் தொட்டியிலிருந்து கிளம்பிய குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு நேரே தெருக் கால்வாய்க்குப் போயிற்று. எந்தக் காலத்தில் யார் வைத்ததோ, இத்தனை வருஷமாக நம் வீட்டு ரசமும் மோரும் அந்த வாய்க்காலில்தான் கலந்துகொண்டிருக்கின்றன. நாம் அடைத்து வைத்த ஜன்னல் நம்முடைய நாற்றத்தையே தடுத்துக்கொண்டிருந்தது.

மழை நீருக்கென்று வெட்டிய வாய்க்காலில் வீட்டு நீர் கலப்பதுதான் விஷயத்தின் வேர். கோடையில் ஓட்டம் குறைந்து, அழுக்கு தேங்கி வண்டல் படிகிறது. ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும்போது, வண்டல் அடைத்த வாய்க்காலில் நீருக்கு இடம் இல்லை. கடல் பொங்கியிருந்தால் முகத்துவாரத்திலும் வழி இல்லை. ஆகவே நீர் வீதிக்குத் திரும்புகிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அன்றிரவு நம் வீட்டு முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர். அதில் மிதந்து வந்த ஒற்றைச் செருப்பு இன்னும் யாருடையதென்று தெரியவில்லை. இந்த நிலையில் கரையின்மேல் ஓடு பதித்து, பித்தளை விளக்கு நட்டால், அடுத்த கார்த்திகையில் ஓட்டின்மேலும் தண்ணீர் நிற்கும், விளக்கின் வெளிச்சத்தில்.

உலகத்தில் இதைச் செய்து காட்டிய ஊர்கள் இல்லாமல் இல்லை. கொரியாவின் தலைநகரான சியோலில் சியோங்கியேசியோன் என்று ஓர் ஓடை. அதைக் கான்கிரீட்டால் மூடி, மேலே சாலையும் அதற்கும் மேலே பாலச் சாலையும் போட்டிருந்தார்கள். 2003இல் அந்தப் பாலத்தை இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்து விட்டார்கள். இப்போது அதன் கரையில் ஜனங்கள் காலை நனைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். படங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஆனால் அந்த ஓடையில் ஓடுவது பெரும்பாலும் ஹான் நதியிலிருந்து பம்பு வைத்து இறைத்து விடும் தண்ணீர். அதோடு அங்கே தெருக்கடை வைத்திருந்தவர்கள் வேறிடத்துக்குப் போக நேர்ந்தது. நமக்கு இறைத்துவிட ஹான் நதி இல்லை. பூக்காரியை அனுப்ப வேறு இடமும் இல்லை.

சிங்கப்பூர் செய்த காரியம் நம் மனத்துக்கு இன்னும் பிடித்தது. அங்கே பீஷான் என்னுமிடத்தில் காலாங் நதியை நேரான கான்கிரீட் கால்வாயாகக் கட்டி வைத்திருந்தார்கள். 2012இல் முடிந்த வேலையில் அந்தக் கான்கிரீட்டை உடைத்து, 2.7 கிலோமீட்டர் கால்வாயை 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்து நெளிந்த ஆறாக மாற்றினார்கள். கரையில் செடி கொடிகளின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. மழை வந்தால் எச்சரிக்கை ஒலிக்கிறது. மக்கள் மேட்டுக்கு ஏறிவிடுகிறார்கள். பூங்காவிலேயே நீர் பரந்து நின்று வடிகிறது. இதில் நாம் காப்பியடிக்கக்கூடியது வளைவு நெளிவு அல்ல. நமக்கு இருபுறமும் சாலை, சாலைக்கு அப்பால் வீடு. வாய்க்கால் வளைய வேண்டுமானால் நம் கூடத்தின் வழியாகத்தான் வளைய வேண்டும். முதலில் தண்ணீர் போக இடம் பார்த்துவிட்டு, அப்புறம் மனிதன் நடக்க இடம் பார்த்தார்களே, அந்த வரிசைதான் நமக்கு வேண்டியது.

வரிசை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கொரியாவுக்குப் போக வேண்டியதில்லை. 1980களின் பிற்பகுதியில் நம் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலில் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதைத் தடுத்தது. வடக்கே இருந்த மணற்கரை சில வருஷங்களில் காணாமற் போயிற்று. நாம் சிறு வயதில் ஓடிப் பிடித்து விளையாடிய இடத்தில் கருங்கற்களைக் கொட்டினார்கள். பிற்காலத்தில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. முழு மணலும் திரும்பவில்லை.

இனி நிழலைப் பற்றி. வர்ணப் படத்தில் செந்நிறப் பூக்கள் பூத்த குல்மொஹர் மரங்கள் வரிசையாக நின்றன. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்த மறுநாள் காலை புதுவையின் தெருக்களைக் கண்டவர்கள் யாரும் அந்த மரத்தைச் சிபாரிசு செய்ய மாட்டார்கள். வேர் மேலோடிய மரங்கள் வீதி வீதியாகச் சாய்ந்து கிடந்தன. உப்புக் காற்றுக்கும் புயலுக்கும் பழகிய புன்னையும் பூவரசும் இந்தக் கரைக்குப் பிறந்த மரங்கள். புன்னை நிழல் தர எத்தனையோ வருஷம் ஆகும் என்று சொல்தா ஆட்சேபித்தார். வாஸ்தவம். அதுவரை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் விடை எழுதி வைத்திருந்தார்கள். புதுவைத் தமிழ் வீடுகளைப் பற்றி அறியாத நேயர்களுக்காகச் சொல்லுகிறோம். வாசலில் திண்ணை. திண்ணைக்கு வெளியே, தெருவை ஒட்டி, மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுச் சார்ப்பு ஒன்று. அதற்குத் தாழ்வாரம் என்று பெயர். திண்ணை வீட்டுக்காரருக்கும் அவரைப் பார்க்க வருகிறவருக்கும். தாழ்வாரம் முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்கு. ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும். சித்திரை வெயிலில் ஒருவன் தலையில் வெயில் படாமல் ஒரு வீதி முழுதும் நடந்துவிடலாம். எந்த முனிசிபாலிடியும் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை.

அப்படிப்பட்ட வீடுகளைக் காண விரும்புகிறவர்கள் வைசியாள் வீதிக்குப் போகலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பாவின் உதவியோடு நடந்த 'ஏஷியா ஊர்ப்ஸ்' திட்டத்தில் அந்த வீதியின் முகப்புக்களைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்டாக் நிறுவனத்தின் புதுவைக் கிளை அதில் முன்னின்றது. 2008இல் யுனெஸ்கோவின் பாராட்டும் கிடைத்தது. நாமும் போய்ப் பார்த்து, "ஆகா! நம் முன்னோரின் பெருந்தன்மை என்னே!" என்று வியந்துவிட்டு வந்தோம்.

வந்து நம் வீட்டு வாசலில் நின்றபோது வெட்கமாக இருந்தது. நம் வீட்டுக்கும் தாழ்வாரம் இருந்தது. நான்கு தேக்குத் தூண்கள். சுமார் முப்பது வருஷத்துக்கு முன்னால் நாமும் அண்ணாவும் சேர்ந்து அதைப் பிரித்துப்போட்டோம். மோட்டார் கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. சர்க்கார் இடிக்கவில்லை; பிரெஞ்சுக்காரர் இடிக்கவில்லை; ஆங்கிலேயர் 1761இல் வந்து இடித்ததாகவும் நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த அண்ணா இப்போது பாரிஸில் இருக்கிறார். வாய்க்கால் கரையில் பாதை வரப்போகிறது என்ற சமாசாரம் அவருக்கு எப்படியோ எட்டிவிட்டது. வீட்டை விற்றுவிடலாம் என்று எழுதினார். ஏற்கெனவே தரகர் ஒருவர் இரண்டு முறை வந்து போயிருந்தார். வீட்டை விடுதியாக மாற்றப் போகிறவர் ஒருவர் இருக்கிறாராம். தரகர் ஒரு தொகையைச் சொன்னார். பாதை வந்துவிட்டால் அதுபோல் ஒன்றரை மடங்கு கிடைக்கும், ஆகையால் கொஞ்சம் பொறுத்தும் விற்கலாம் என்று அவரே யோசனையும் சொன்னார். நல்ல மனிதர். சாக்கடைக் கரையில் குடியிருந்தபோது யாரும் நம்மைத் தேடி வரவில்லை. பூங்காக் கரை ஆகப்போகிறது என்றதும் நாம் புறப்பட வேண்டுமாம்!

நமக்காவது விலை கொடுக்க ஆள் வருகிறது. சென்னையில் கூவம் நதியைச் சீர்படுத்தும் வேலையில், கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்களை நகரத்துக்கு வெகு தூரத்தில் உள்ள பெரும்பாக்கத்தில் அடுக்கு மாடிகளுக்கு அனுப்பினார்கள். வீடு கிடைத்தது, வேலை செய்த இடமும் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடமும் பின்தங்கிவிட்டன. நம் வாய்க்காலின் கரையிலும் பட்டா இல்லாதவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், சாயங்காலத்தில் மீன் கூடையோடு வந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். பாதை போடுகிறவர்கள் அளவு நாடாவைப் பிடிப்பதற்கு முன்னால், ஒரு முழு நாள், காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை, ஏதேனும் ஒரு பாலத்தில் உட்கார்ந்து யார் யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளட்டும். சம்பளம் இல்லாமல் கூட உட்கார நாம் தயார். சொல்தாவும் வருவார்.

அண்ணாவுக்கு நாம் இன்னும் பதில் எழுதவில்லை. ஆனால் இரண்டு காரியம் செய்தோம். கொத்தனாரை அழைத்து அடுக்களைக் குழாயை அடைத்து, பாதாளச் சாக்கடையோடு இணைக்கச் சொன்னோம். பிறகு கொல்லையில் கிடந்த தூண்களைத் தேடினோம். நான்கில் மூன்று அகப்பட்டன. ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. நாலாவது தூணுக்குத் தச்சர் சொன்ன விலையைக் கேட்டு, அந்தக் காலத்தில் காரையே வாங்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தோம்.

தூண் நடுகிற அன்று பாலத்துப் பூக்கார அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"இது எதுக்கு, அண்ணே?"

"தாழ்வாரம் போடுகிறோம். வெயிலுக்கு யாராவது ஒதுங்கலாம்."

அவள் தூண்களை ஒரு தரம் எண்ணினாள். மேலே சூரியனைப் பார்த்தாள். பிறகு வடக்குக் கோடியில் இருந்த தூணைக் காட்டி, "மத்தியானத்துக்கு மேலே நிழல் இங்கேதான் விழும். இந்தத் தூண் என்னோடது. மீன்காரி கேட்டா முன்னாடியே சொல்லியாச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள்.